அசலைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்

போன மாதம் நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். நீலகிரியில் தேயிலைத் தோட்ட நிர்வாகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். என்னைவிட மூன்று வயது மூத்தவர். பெயர் வேண்டாம், அவரும் இதைப் படிப்பார். காபி குடித்துக்கொண்டே என் மேசை மேல் இருந்த சின்னத் தகர டப்பாவைத் திறந்தார். உள்ளே நான் கட்டிய தூண்டில் ஈக்கள் பத்துப் பன்னிரண்டு இருந்தன. ஒவ்வொன்றும் ஓர் அரிசி அளவுதான். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒன்றை எடுத்துக் கண்ணருகில் வைத்துப் பார்த்தார்.

"நல்லாத்தான் கட்டியிருக்கீங்க சார். இதுக்குப் பேர் என்ன?"

"பேர் ஒண்ணும் இல்லை. நம்ம பால்கனி விளக்குக்கு வருதே, அந்தப் பூச்சிதான்."

"அப்போ இது எந்தப் பேட்டர்னும் இல்லையே. புத்தகத்துலயே இல்லாததை எப்படி சார் ரியலிஸ்டிக்னு சொல்றீங்க?"

என் காபி ஆறிவிட்டது. அவரோடு சண்டை போடவில்லை, வந்த விருந்தாளி. ஆனால் அந்தக் கேள்வி ராத்திரி முழுக்கத் தூங்கவிடவில்லை. புத்தகத்தில் இல்லாதது எப்படி உண்மையாகும்? இதே கேள்வியை வேறு வேறு வாயிலிருந்து அறுபது வருஷமாகக் கேட்டுவருகிறேன். பதில் சொல்ல இப்போதுதான் வேளை வந்திருக்கிறது.

முதலில் விஷயம் தெரியாதவர்களுக்கு நாலு வரி. டிரவுட் என்பது குளிர்ந்த ஓடையில் வாழும் மீன். அதன் முக்கிய ஆகாரங்களில் ஒன்று, இங்கிலீஷில் மேஃப்ளை என்று சொல்லும் பூச்சி. இந்தப் பூச்சி மாதக்கணக்கில் தண்ணீருக்கு அடியில் புழுப்போல வளர்கிறது. ஒருநாள் மேலே வந்து தோலை உரித்து இறக்கையோடு எழும்புகிறது. அப்போது இறக்கை மங்கலாக, எண்ணெய்க் காகிதம் மாதிரி இருக்கும். தூண்டில்காரர்கள் இந்த நிலையை 'டன்' என்பார்கள். அது இலையிலோ சுவரிலோ உட்கார்ந்து இன்னொரு முறை தோல் உரிக்கும், இறக்கையின் மேல்தோல் உட்பட. இறக்கை முளைத்த பிறகும் தோல் உரிக்கிற பூச்சி உலகத்திலேயே இது ஒன்றுதான். இரண்டாவது உரிப்புக்குப் பிறகு இறக்கை கண்ணாடிபோல் ஆகிவிடும், வால் நீளும். அதுதான் 'ஸ்பின்னர்'. அதற்கு வாய் வேலை செய்யாது. சாப்பாடு கிடையாது. கூட்டமாகப் பறந்து, கூடி, முட்டையிட்டுவிட்டு, இரண்டு இறக்கையையும் விரித்துத் தண்ணீரில் விழுந்துவிடும். ஓடித் தப்பிக்க முடியாத இரை என்று மீனுக்குத் தெரியும். அவசரப்படாமல் கீழிருந்து வந்து உறிஞ்சும். தண்ணீரில் ஒரு சின்ன வளையம் மட்டும் தெரியும்.

அப்படிச் செத்து மிதக்கிற ஈயைப் போலவே ஒரு சின்ன முள்ளில் கட்டி, மூழ்காமல் மிதக்கவிட்டு மீனைப் பிடிப்பதுதான் இந்தக் கலை. நான் கட்டுவது பதினெட்டாம் நம்பர் முள்ளில், சில சமயம் இருபதில். நம்பர் கூடக்கூட முள் சிறிதாகும்.

கட்டும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். வாதம் அதில்தான் இருக்கிறது. முள்ளை வைஸில் இறுக்கிக்கொள்ளவேண்டும். தையல் நூல் தடிமன், ஆகாது. காஞ்சிபுரம் பட்டு இழையில் ஒன்றைப் பிரித்து, தேன்மெழுகு தடவி, அதால் சுற்றுகிறேன். வாலுக்குப் பெயிண்ட் பிரஷ்ஷின் நைலான் முடி. வால் இரண்டும் ஒட்டிக்கொள்ளாமல் விரிந்து நிற்க, அடியில் நூலால் ஒரு கடுகளவு முடிச்சு. உடம்புக்கு உதிர்ந்து கிடக்கும் மயிலிறகின் கண் பக்கத்து இழை. அதன் பஞ்சை ரப்பரால் தேய்த்து எடுத்துவிட்டால், ஒரு பக்கம் வெளுப்பும் ஒரு பக்கம் கறுப்புமாக மெல்லிய நார் மிஞ்சும். அதைச் சுற்றினால் பூச்சியின் வயிற்றில் இருக்கிற வளையங்கள் அப்படியே வரும். இறக்கைக்கு நாட்டுச் சேவலின் கழுத்து இறகு. இரண்டு மூன்று சுற்று சுற்றி, மேலேயும் கீழேயும் கத்தரித்துவிட்டால் இரு பக்கமும் மட்டும் இழைகள் நீட்டிக்கொண்டு நிற்கும். செத்த ஈ இறக்கை விரித்துக் கிடக்கிறாற்போலவே இருக்கும்.

ரியலிஸ்டிக் என்று பெயர் வைத்து, நரம்பு அச்சடித்த பிளாஸ்டிக் இறக்கை வைத்தும் சிலர் கட்டுகிறார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால் பார்க்க அழகுதான். தூண்டிலில் வீசினால் அந்த இறக்கை காற்றாடியாகச் சுற்றி நரம்பையே முறுக்கிவிடும். அது மனிதன் கண்ணுக்குக் கட்டின ஈ. நான் சொல்கிற உண்மை அதுவும் அல்ல. உருவம் மட்டும் ஒத்தால் போதாது. மிதக்கிற விதமும் ஒக்கவேண்டும். மீன் பார்ப்பது கீழிருந்து.

இப்போது வாதத்துக்கு வருகிறேன். நான் பாண்டிச்சேரி அரசு அலுவலகத்தில் முப்பத்தாறு வருஷம் குமாஸ்தா. பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் ஆவணப் பிரிவில் போட்டுவிட்டார்கள். பழைய நொத்தேர் பத்திரங்களுக்கு நகல் கேட்டு ஜனங்கள் வருவார்கள். ஒருவர் நகல் எடுப்பார், இன்னொருவர் ஒப்பிடுவார். ஒப்பிட்டவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போடுவது என் வேலை. 'உண்மை நகல்' என்று முத்திரை விழுந்தபிறகு அந்தக் காகிதத்தை நீதிமன்றமும் நம்பும்.

ஒருமுறை ஒரு விதவை அம்மா வந்தார். அவர் கேட்ட பத்திரத்தின் அசல் பழைய கட்டுக்குள் அடியில் இருந்தது. மேலே ஒரு பழைய நகல் கைக்கு எட்டியது. நல்ல வெயில், மதிய நேரம். பழைய நகலைப் பார்த்துப் புதிய நகல் எடுத்தார்கள். நான் இரண்டையும் ஒப்பிட்டேன். எழுத்துக்கு எழுத்து சரி. கையெழுத்துப் போட்டேன். எட்டு மாதம் கழித்து அந்த அம்மா அழுதுகொண்டு வந்து நின்றார். பழைய நகல் எடுத்தவர், ஒரே வார்த்தையில் முடிகிற இரண்டு வரிகளில் ஒன்றை விட்டுவிட்டார். விட்டுப்போன வரியில்தான் கிழக்கு எல்லை இருந்தது. பக்கத்து மனைக்காரர் அதை வைத்தே வழக்குப் போட்டுவிட்டார். தப்பு முதலில் செய்தவர் யாரோ. ஆனால் அதற்கு 'உண்மை' என்று சாட்சி சொன்னது என் கையெழுத்து. அன்று அசலைத் தேடி எடுத்துக் கொடுத்து, திருத்திக் கொடுத்து, அந்த அம்மாவின் காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டேன். அவர் திட்டவில்லை. "பார்த்துப் போடுங்க ஐயா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு சொல் இன்றைக்கும் காதில் நிற்கிறது.

நகலுக்கு நகல் எத்தனை ஒத்துப்போனாலும் அது உண்மை நகல் ஆகாது. அசலோடு ஒத்துப்போகவேண்டும். இதைத்தான் என் நண்பருக்குச் சொல்கிறேன்.

அவர் பெட்டியை நான் பார்த்திருக்கிறேன். தோல் உறை போட்ட அழகான பெட்டி. அதற்குள் இங்கிலாந்தின் தெற்குப் பகுதியில் ஓடும் டெஸ்ட் நதியின் ஈக்கள் வரிசையாக இருக்கின்றன. அந்த நதிக்கரையில்தான் ஃப்ரெடெரிக் ஹால்ஃபோர்ட் என்பவர் உட்கார்ந்து ஈக்களைப் பிடித்துப் பார்த்து, அதேபோல் கட்டி, 1886இல் புத்தகம் போட்டார். அவரைக் குறை சொல்லமாட்டேன். அவர் அசலைப் பார்த்தவர். தன் ஊர்ப் பூச்சியைப் பார்த்துத் தன் ஊர் மீனுக்குக் கட்டினார். அது உண்மை நகல்.

1890இல் அமெரிக்காவிலிருந்து தியோடர் கார்டன் என்பவர் ஹால்ஃபோர்டுக்குக் கடிதம் எழுதி மாதிரி ஈக்களை வாங்கினார். வாங்கிப் பார்த்தவருக்கு, நம் ஊர் ஓடையில் இந்தப் பூச்சி இல்லையே என்று தோன்றியது. நியூயார்க் மாநிலத்துக் கேட்ஸ்கில் மலை ஓடைகளுக்கு ஏற்றபடி மாற்றிக் கட்டத் தொடங்கினார். 1935இல் பிரெஸ்டன் ஜென்னிங்ஸ் என்பவர் அமெரிக்க ஓடைகளில் இருக்கும் பூச்சிகளை இனம் கண்டு, அதற்குத் தக்க ஈக்களைச் சொல்லும் புத்தகமே எழுதிவிட்டார். இங்கிலீஷ் பேசுகிற நாட்டுக்கே இங்கிலீஷ் ஈயிலிருந்து வெளியே வர 45 வருஷம் ஆனது. ஆனாலும் வந்துவிட்டார்கள்.

நாம்? நீலகிரிக்கு டிரவுட் கொண்டுவர பிரான்சிஸ் டே 1863இலேயே முயன்று தோற்றார். அப்புறம் ஹெச். சி. வில்சன் வந்து, 1907இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிக்கும் நிலையம் அமைந்த பிறகுதான் மீன் நிலைத்தது. நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. நான் பார்த்த பெட்டிகளில் இன்னும் டெஸ்ட் நதிதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

இன்னொரு வேடிக்கை. இங்கிலீஷ் ஈ என்று பெருமைப்படுகிறோமே, அதில் இங்கிலீஷ் எது? வெள்ளைக்காரர்கள் பல காலம் ஈ கட்டியது இந்தியச் சேவலின் கழுத்து இறகில். சால்மன் மீனுக்குக் கட்டும் பெரிய ஈக்களில் கண்போல் வைத்தது நம் மலைக்காடுகளின் காட்டுக்கோழி இறகு. நம் அரசு தடை போடும்வரை அது கப்பலேறிக்கொண்டே இருந்தது. இன்று கடையில் வாங்கும் ஈயைக் கட்டியிருப்பது கென்யாவிலோ இலங்கையிலோ இருக்கும் ஒரு பெண்ணின் விரல். இறகு நம்முடையது, விரல் இன்னொருவருடையது, பெயர் மட்டும் லண்டன். அந்தப் பெயருக்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம்.

1984இல் நடந்த ஒன்றைச் சொன்னால் விஷயம் தெளிவாகும். என் மச்சான் அப்போது குந்தா பக்கம் மின்வாரியத்தில் இருந்தார். அவர்தான் எனக்கு ஈ கட்டக் கற்றுக்கொடுத்தவர், இப்போது இல்லை. அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு அவலாஞ்சிப் பக்கம் போனோம். சாயங்காலம் காற்று அடங்கியதும் தண்ணீர் மேலெல்லாம் வளையம் வளையமாக விழ ஆரம்பித்தது. மச்சான் தன்னிடம் இருந்த நல்ல இங்கிலீஷ் ஈயைக் கட்டி வீசினார். ஈயின் இரு பக்கமும் மீன் உறிஞ்சுகிறது. ஈயை மட்டும் தொடவில்லை. பெட்டியைத் திறந்து அடுத்ததை எடுத்தார். அதுவும் இல்லை. அதற்கடுத்தது. அதுவும் இல்லை. இருட்டிக்கொண்டு வருகிறது.

நான் சும்மா கரையில் குந்தியிருந்தவன். என் கால் அருகே நுரையில் ஒதுங்கியிருந்த ஒரு பூச்சியைக் கைக்குட்டையில் எடுத்துக் காட்டினேன். கரும்பழுப்பு. மூன்று வால். இறக்கை தண்ணீரோடு ஒட்டிப் படுத்திருந்தது. எங்கள் ஈயோ அதைப்போல் இரண்டு பங்கு பெரிசு. இறகு நுனிகளில் எழும்பி, மாப்பிள்ளை அழைப்புக்குக் கிளம்பினவன்போல் நின்றுகொண்டிருந்தது. மச்சான் பார்த்தார். இருப்பதிலேயே சின்ன ஈயை எடுத்து, நகவெட்டியால் அடி இறகையும் மேல் இறகையும் வெட்டி எறிந்தார். மூன்றாவது வீச்சில் ஒரு டிரவுட்.

"அசல் நம்மைச் சுத்தி மிதக்குது மாப்ளே, நாம பொட்டிக்குள்ள தேடிக்கிட்டிருக்கோம்" என்றார்.

அந்தப் பூச்சியை அன்று ராத்திரி லாந்தர் வெளிச்சத்தில் என் நோட்டில் வரைந்துவைத்தேன். அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது. என் டப்பாவில் மூன்று வால் வைத்துக் கட்டியவை எல்லாம் அந்த நோட்டைப் பார்த்துக் கட்டியவை. இரண்டு வால் வைத்தவை சிறுசேரிப் பால்கனியைப் பார்த்துக் கட்டியவை. இரண்டையும் கலப்பதில்லை. அவலாஞ்சி ஈ வேறு, நம் ஏரி ஈ வேறு.

பெட்டிக்குள் தேடும் இந்த வியாதி எனக்குப் புதிதல்ல. நான் அதிலேயே வளர்ந்தவன். பள்ளிக்கூடத்தில் பாலாற்றுக்கு முன் லுவார் நதியைப் படித்தோம். சரித்திரத்தில் எங்கள் மூதாதையர் யாரென்று கேட்டால் கோல் நாட்டார் என்றுதான் முதலில் வாயில் வரும். அறிவியல் பாடத்துக்கு 'லெஸோன் த ஷோஸ்' என்று பெயர். பொருள்களைக் கண்ணால் பார்த்துக் கற்கும் பாடம் என்று அர்த்தம். எவ்வளவு நல்ல பெயர்! ஆனால் பொருள் எதுவும் வராது. பாரீஸில் அச்சான படம் வரும். அதில் ஒருநாள் 'எஃபெமேர்' வந்தது. மேஃப்ளைக்குப் பிரெஞ்சில் அதுதான் பெயர். ஒருநாள் வாழ்வு என்று பொருள். மூன்று வால், நிமிர்ந்த இறக்கை, அழகான படம். வாத்தியார் பிரம்பால் ஒவ்வொரு பாகமாகத் தொட்டுச் சொல்ல, நாங்கள் எழுதிக்கொண்டோம்.

அதேமாதிரி பூச்சி வகுப்புச் சுவரில் உட்கார்ந்திருந்தது. பக்கத்துப் பையன் கையைத் தூக்கி, "மெஸ்யே, அங்கே ஒண்ணு இருக்கு" என்று காட்டினான். வாத்தியார் கிட்டே போய்ப் பார்த்தார். "இதற்கு இரண்டு வால்தான் இருக்கிறது. இது எஃபெமேர் இல்லை" என்று கைக்குட்டையால் தட்டிவிட்டார். மேஃப்ளைகளில் இரண்டு வால் உள்ளவையும் உண்டு, மூன்று வால் உள்ளவையும் உண்டு என்று எனக்குத் தெரியவர இருபது வருஷம் ஆனது. அவர் நல்ல மனிதர்தான். படத்தை நம்பினார், சுவரை நம்பவில்லை. என் நண்பரும் அதையேதான் செய்கிறார்.

பிரெஞ்சுக் கல்வியை நான் பழிக்கவில்லை. அதில்தான் சோறு சாப்பிட்டேன். படம் தப்பு என்றும் சொல்லவில்லை. அது பிரான்ஸ் நாட்டு ஈயின் உண்மை நகல். எங்கள் சுவரில் இருந்த ஈக்கு அது தீர்ப்புச் சொல்லவந்தபோதுதான் தப்பாயிற்று.

இனி, என் நண்பர் சொல்லக்கூடிய மறுப்புகள். அவற்றையும் நேர்மையாகப் பார்த்துவிடுவோம்.

ஒன்று: "மீனே வெளிநாட்டு மீன். அதற்கு வெளிநாட்டு ஈ பொருத்தம்தானே?" கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வெள்ளைக்காரன் டிரவுட்டைத்தான் கொண்டுவந்தான். அதன் சாப்பாட்டைக் கொண்டுவரவில்லை. நீலகிரியில் நிலைத்த வானவில் டிரவுட் இங்கிலாந்து மீனும் அல்ல. அதன் பூர்வீகம் பசிபிக் கடலோரம். வந்த இடத்தில் என்ன பூச்சி இருந்ததோ அதைத் தின்று பிழைத்தது. மீன் ஊரோடு ஒத்துப்போய்விட்டது. தூண்டில்காரன்தான் இன்னும் ஒத்துப்போகவில்லை.

இரண்டு: "மீனுக்கு அவ்வளவு புத்தி கிடையாது சார். ஏதோ சாம்பல் நிறத்தில் ஒன்று மிதந்தால் கடிக்கும்." இதில் பாதி உண்மை. 1922இல் அமெரிக்காவின் மிச்சிகனில் கட்டப்பட்ட 'ஆடம்ஸ்' என்ற ஈ எந்தப் பூச்சியையும் குறிப்பாகப் போலச் செய்ததல்ல. ஆனாலும் உலகம் முழுக்க மீன் பிடிக்கிறது. சந்தோஷம். அதைக் கட்டுங்கள், பிடியுங்கள். ஆனால் அதை ரியலிஸ்டிக் என்று சொல்லாதீர்கள். வேலைக்கு ஆகிற காகிதம் வேறு, உண்மை நகல் வேறு. முத்திரை கேட்டால் அசலைக் காட்டவேண்டும்.

மூன்று: "இந்த வயசில் இது எதற்கு? முக்கூர்த்தி 1990இல் தேசியப் பூங்கா ஆகிவிட்டது. அங்கெல்லாம் தூண்டிலோடு போகமுடியாது. சிறுசேரியில் டிரவுட் ஏது?" இதைக் கேட்பது நண்பர் மட்டுமல்ல. என் மகனும் கேட்கிறான். மருமகள் மட்டும், "மாமா கண்ணைக் கெடுத்துக்காதீங்க" என்பதோடு நிறுத்திக்கொள்கிறாள். பூங்கா ஆனது நல்லதுதான். அந்தப் புல்வெளியும் சோலையும் நம் தூண்டிலைவிடப் பெரியவை. டிரவுட் வந்ததால் அந்த ஓடைகளின் பழைய உயிர்களுக்கு நன்மையா என்று கேட்டால், நான் ஆமாம் என்று சொல்லமாட்டேன். மீன் பிடிக்க முடியாமல் போனதில் எனக்கு வருத்தம் இல்லை.

நான் கட்டுவது மீனுக்காக மட்டுமே என்று யார் சொன்னது? ஓர் ஈயைக் கட்டவேண்டுமானால் அதைப் பார்க்கவேண்டும். பார்க்காமல் கட்டமுடியாது. இத்தனை வருஷம் விளக்கடியில் பார்த்ததில் எனக்குத் தெரிந்தது: நம் ஏரி ஈயின் ஆணுக்குச் சாதாரணக் கண்ணுக்கு மேல் தலைப்பாகை வைத்தாற்போல் இன்னொரு ஜோடிக் கண் உண்டு. பின் இறக்கை இல்லை. விடியற்காலையில் பால்கனிச் சுவரில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருக்கும் பொடித்தோல், தூசு அல்ல. ராத்திரி டன்னாக வந்து ஸ்பின்னராகப் போனதன் சட்டை. இதை எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை. முதலில் சுவர் சொன்னது. புத்தகம் பிறகு ஆமாம் என்றது.

ஏரிக்கரையில் சில சாயங்காலம் நானும் பேத்தியும் போவோம். முள்ளின் செதிலை நசுக்கிவிட்டு, நான் கட்டிய ஈயைச் சின்னக் கழியில் மிதக்கவிடுவேன். வெள்ளிச்சி மீன்கள் மேலே வந்து கொத்தும், பிடித்து விட்டுவிடுவோம். நம் ஏரியில் தூண்டில் போடுவது சின்னப்பிள்ளை விளையாட்டு என்று நண்பர் சிரிப்பார். சென்னை மாகாணத்தில் உத்தியோகம் பார்த்த ஹெச். எஸ். தாமஸ் என்ற வெள்ளைக்கார அதிகாரி 1887இல் இந்திய ஏரிகளில் தூண்டில் போடுவதைப் பற்றியே தனிப் புத்தகம் எழுதியிருக்கிறார். அவருக்கு நம் ஏரி கண்ணில் பட்டது. நமக்குப் படவில்லை. வெள்ளிச்சி கொத்தினால் என் ஈக்கு முத்திரை விழுந்தது என்று வைத்துக்கொள்வேன். என் நகலுக்கு ஒப்பிட்டவர் அதுதான். அதற்கு இங்கிலீஷும் தெரியாது, பிரெஞ்சும் தெரியாது.

ஒருநாள் பேத்தி கேட்டாள்: "தாத்தா, இந்தப் பூச்சிக்குத் தமிழ்ல என்ன?"

எனக்கு இங்கிலீஷ் பெயர் தெரியும், பிரெஞ்சுப் பெயர் தெரியும். தமிழ்ப் பெயர் வாயில் வரவில்லை. ஈசல் என்று சொல்லிவிடலாம். பலரும் அப்படித்தான் சொல்கிறோம். ஆனால் ஈசல் கறையானின் பிள்ளை. மழை விட்டதும் புற்றிலிருந்து வரும், பிடித்து வறுத்துப் பொரிஅரிசியோடு தின்றிருக்கிறோம். இது தண்ணீரின் பிள்ளை. இரண்டும் ஒன்றல்ல.

நம்மவர்கள் யாருமே பார்க்கவில்லை என்றும் இல்லை. கே. ஜி. சிவராமகிருஷ்ணன் என்ற தமிழ்நாட்டு விஞ்ஞானி மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் இறங்கித் தேடி, உலகம் அறியாத மேஃப்ளைகளுக்குப் பெயர் வைத்திருக்கிறார். 1984இல் அவர் விவரித்த ஒன்றுக்கு 'பீட்டர்சுலா கோர்ட்டலென்சிஸ்' என்று பெயர். கோர்ட்டலென்சிஸ் என்றால் வேறொன்றும் இல்லை, குற்றாலம். நானும் மச்சானும் அவலாஞ்சியில் லண்டன் பெட்டிக்குள் கைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்த அதே வருஷம், குற்றாலத்தின் பெயர் விஞ்ஞானப் பட்டியலில் ஏறிவிட்டது. சீசனுக்குச் சீசன் குற்றாலத்தில் குளித்துவிட்டு வருகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? நம் ஊர்ப் பூச்சிக்கு உலகத்தில் இடம் உண்டு. நம் பெட்டியில்தான் இடமில்லை.

இது பொழுதுபோக்குச் சண்டை என்று நினைக்கிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. நாங்கள் சிறுசேரிக்கு வந்த புதிதில், மழைக்கால ராத்திரியில் விளக்கைப் போட்டால் காலையில் துடைப்பம் எடுத்துப் பால்கனியைப் பெருக்கவேண்டியிருக்கும். அவ்வளவு பூச்சி. இப்போது ஒரு டஜன் ஈ கட்ட ஒரு மாதிரி வேண்டுமென்றால் நான் விளக்கடியில் நாற்காலி போட்டுக் காத்திருக்கவேண்டும். சில ராத்திரி ஒன்றுகூட வருவதில்லை. இந்தப் பூச்சி ஆறோ ஏரியோ கெட்டுப்போனால் முதலில் காணாமல் போகிறவற்றில் ஒன்று. தண்ணீரைச் சோதிக்கிறவர்கள் இதன் புழுக்களை எண்ணியே தண்ணீரின் தரத்தைக் கணிக்கிறார்கள்.

போதாததற்கு ரோடு வேறு. 1998இல் ஹங்கேரி நாட்டு ஆய்வாளர்கள் ஒன்று கண்டுபிடித்துச் சொன்னார்கள். தார்ச்சாலையின் கறுப்பு மினுமினுப்பில் வெளிச்சம் பிரதிபலிக்கும் விதம், தண்ணீரின் மேல் பிரதிபலிப்பது போலவே இருக்கிறதாம். மேஃப்ளை ஏமாந்து, சாலைக்கு மேலேயே கூடிப் பறந்து, சாலையிலேயே முட்டையிட்டுவிடுகிறது. முட்டை காய்ந்து போகிறது. ஒரு தலைமுறை அங்கேயே முடிந்தது. இதைப் படித்தபின் பழைய மகாபலிபுரம் சாலையை அந்தி வெளிச்சத்தில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசையும். நான் ஒரு முள்ளில் போலி ஈ கட்டி ஒரு மீனை ஏமாற்றுகிறேன். பிடித்துத் திரும்ப விட்டும்விடுகிறேன். நாம் எல்லோருமாகச் சேர்ந்து மைல் கணக்கில் போலித் தண்ணீர் போட்டுவைத்திருக்கிறோம்.

ஒரு பூச்சி இருப்பது தெரிந்தால்தானே அது இல்லாமல் போனது தெரியும்? பெயர் இல்லாதது, படம் இல்லாதது, யாரும் கட்டிப் பார்க்காதது, ஓசையில்லாமல் போய்விடும். ஏரிக்கு மண் அடிக்கும்போது, இங்கே என்ன இருந்தது என்று கேட்டால், வெறும் கொசு இருந்தது என்றுதான் பதில் எழுதுவார்கள். அந்தப் பதிலையும் யாராவது ஒரு குமாஸ்தா அசலைப் பார்க்காமல் ஒப்பிட்டுக் கையெழுத்துப் போடுவார். நான் போட்டவன், அதனால் சொல்கிறேன்.

ஆகவே நண்பரே, என் ஈ உங்கள் புத்தகத்தில் இல்லை என்றால் குறை ஈயில் இல்லை. அடுத்த முறை மழைக்காலத்தில் வாருங்கள், ராத்திரி தங்கும்படி. பால்கனியில் இரண்டு நாற்காலி போடுகிறேன். விளக்கைப் போட்டுக் காத்திருப்போம். ஒன்றாவது வந்தால், என் டப்பாவையும் உங்கள் பெட்டியையும் அதன் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். அதற்கப்புறம் எது உண்மை நகல் என்று நீங்களே சொல்லுங்கள், நான் வாதாடமாட்டேன்.

படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பாட்டியோ, ஏரிப்பாசனத்தில் இருந்த பெரியவர்களோ, வலை போடுகிறவர்களோ இந்த இரண்டு வால் பூச்சிக்கு ஏதாவது பெயர் சொல்லியிருந்தால் எனக்குத் தெரிவியுங்கள். அகராதிக்காரர்கள் கட்டிய சொல் வேண்டாம். வாயில் புழங்கிய சொல் வேண்டும். பேத்திக்குப் பதில் பாக்கி இருக்கிறது. எனக்கு எழுபத்து நான்கு ஆகிறது.